பொன்வண்டுக்குச் சாவி குடுக்கிற பேராண்டிக்கு

இன்னா பேராண்டி, விடிஞ்சதுலேருந்து திண்ணையில குந்திகினு அந்தப் போனைத் தேய்ச்சிகினே கீற. உள்ளேருந்து பூதம் ஏதாச்சும் வருமா? வந்தா சொல்லு, எனக்கும் அதுகிட்ட ஒரு வேலை கீது. என் எச்.எம்.டி. வாட்ச்சை மூணு நாளா காணோம். எடுத்தவன் யாருன்னு கேக்கணும்.

நீ முழிக்க வேணாம். பதில் உன் மேஜை மேலயே கீது. செத்த பொன்வண்டு ஒண்ணு, அது முதுகுல மூணு பல்சக்கரம், மூஞ்சியில ரெண்டு செவப்புக் கல்லு, மீசைக்கு பதிலா ஹேர் ஸ்பிரிங்கு. உங்க ஆயா விளக்கு வெக்கப் போனவ அத்தப் பாத்துட்டு வந்து என்னாண்ட கேட்டா, "ஏங்க, வண்டுக்கு எதுக்கு மணி?" நாப்பது வருசம் குடித்தனம் பண்ணியும் அவ கேட்ட கேள்விக்கு எனக்கு பதில் தெரியாம போனது இதான் மொதல் தடவை.

கோவம் எல்லாம் இல்ல. அந்த ஜனதா வாட்ச்சு நான் தோல் ஷாப்புல வாங்கின மொத போனஸ்ல எடுத்தது, அவ்வளவுதான். 17 கல்லு வெச்சது, தினம் சாவி குடுக்கணும். ஜப்பான் சிட்டிசன் கம்பெனிக்காரங்களோட சேந்து பெங்களூர்ல 1961ல ஆரம்பிச்ச தொழிற்சாலை. 2016ல மூடிடலாம்னு கவருமெண்டு முடிவு பண்ணிட்டாங்க. அது மூடினப்போ கூட என் கையில ஓடிகினு இருந்தது. கவருமெண்டால நிறுத்த முடியாத வாட்ச்சை நீ நிறுத்திட்ட. கெட்டிக்காரன்தான்.

கேட்டா, "தாத்தா, இது ஸ்டீம்பங்க்"ன்ற. எனக்குத் தெரிஞ்ச பங்க் ரெண்டே ரெண்டு. ஒண்ணு பைபாஸ்ல கீற பெட்ரோல் பங்க். இன்னொண்ணு உங்கப்பன் காலேஜ் படிக்கும்போது பின்கழுத்துல வளத்துகினு திரிஞ்ச பங்க் முடி. அத்த வெட்ட வெக்கறதுக்குள்ள எனக்குப் பாதி உசுரு போச்சு. ஸ்டீம்பங்க்னா நீராவி அடிச்சுக் குடுக்கிற பங்க்குனு நெனச்சேன். அப்பால உங்க அக்காதான் படிச்சு சொன்னா. கரண்டும் பெட்ரோலும் தலையெடுக்காம, விக்டோரியா ராணி காலத்து நீராவியும் பித்தளையும் பல்சக்கரமுமே உலகத்தை ஓட்டிகினு இருந்தா எப்படி இருக்கும்னு கற்பனை பண்ற கலையாம் அது. கே.டபிள்யூ. ஜீட்டர்னு ஒரு எழுத்தாளர் 1987ல ஒரு பத்திரிகைக்கு எழுதின கடுதாசியில தமாசா வெச்ச பேராம். தமாசுக்கு வெச்சத்த நீ நெத்தியில விபூதி மாதிரி பூசிகினு கீற.

அந்த ஸ்டீமை நீ அமெரிக்காவுல போய்த் தேடறதுதான் எனக்கு சிரிப்பா வருது. தென்னாட்டுல ஜனங்க ஏறின மொத ரயில் எங்க ஓடுச்சு? 1856 ஜூலை 1. ராயபுரத்துல கிளம்பினது நம்ம வாலாஜா ரோட்டுக்குத்தான் புஸ்ஸு புஸ்ஸுன்னு வந்து நின்னது. அப்பால தண்டவாளம் நீண்டு நம்ம ஊர் வாசலையும் தொட்டுட்டு ஜோலார்பேட்டைக்குப் போச்சு. நான் டவுசர் போட்ட காலத்துல ஆம்பூர் ஸ்டேஷன்ல வேடிக்கை பாக்கப் போனா, கரித்தூள் கண்ணுல வுழாம திரும்பினதே இல்ல. உங்க கொள்ளுத்தாத்தா தோல் கட்டை அந்த வண்டியிலதான் பெரியமேட்டு மண்டிக்கு ஏத்தினாரு. ஆவாரம்பட்டையிலயும் கடுக்காயிலயும் ஊறின தோலு, அங்கேருந்து கப்பலேறி லண்டனுக்குப் போவும். ஆக ஸ்டீமு நம்ம பாட்டன் சொத்து. நீ அத்த போன்ல வாடகைக்கு எடுத்துகினு கீற.

சரி, வெளியூர்க்காரனைக் குறை சொல்லக்கூடாது. மைக் லிபின்னு ஒரு அமெரிக்காக்காரர் 1999ல வழியில ஒரு செத்த வண்டைப் பாத்தாராம். உடம்பு கலையாம அப்படியே இருந்துச்சாம். இதுவும் ஒரு சின்ன மிஷின் மாதிரிதானே கீதுன்னு தோணி, ஒரு பழைய கைக்கடிகாரத்தைப் பிரிச்சு, உறுப்பை எல்லாம் அந்த வண்டு உள்ள பொருத்தினாரு. சிகாகோவுல ஒருத்தர், ஜஸ்டின் கெர்ஷென்சன் கேட்ஸ், நிஜப் பூச்சியே வேணாம்னுட்டு கடிகார உறுப்புல சிலந்தியும் எறும்பும் கட்டறாரு. பேரைச் சொல்றதுக்குள்ள எனக்கு பல்செட்டு கழண்டுடுச்சு. ஆனா படம் பாத்தேன். சோக்கா கீது. நான் பொய் சொல்ல மாட்டேன்.

நீ இன்னா பண்ற? நானூறு படம் எடுத்து வெச்சிருக்கேன்ற. "இன்ஸ்பிரேஷன் தேடறேன் தாத்தா." நல்லா தேடு. அவசரப்படாத. நானூறு எம்மாத்திரம், நாலாயிரம் ஆவட்டும். தேக்சாவையே பாத்துகினு குந்தி இருந்தா சீரகச் சம்பா தானா ஊறி, கறி தானா வெந்து, ஆம்பூர் பிரியாணி தானா எலையில வந்து வுழும். நம்ம ஊர்ல அப்படித்தானே செய்றாங்க?

எனக்கு அந்த இன்ஸ்பிரேஷன் வாயில நுழையாது. எங்களுக்குத் தெரிஞ்சது இன்ஸ்பெக்ஷன். தோல் ஷாப்புல நான் மொத நாள் வேலைக்குப் போனப்போ மேஸ்திரி ஒரு ஆட்டுத்தோலைக் கையில குடுத்து, வெளிச்சத்துல தூக்கிப் புடிடான்னாரு. புடிச்சேன். "இன்னா தெரியுது?" "தோலு." பொடனியில ஒண்ணு போட்டாரு. "மறுபடி பாரு." ஒரு மணி நேரம் கழிச்சுத்தான் தெரிஞ்சது: முள்ளு கீறின கோடு, உண்ணி கடிச்ச தழும்பு, அறுக்கும்போது கத்தி எறங்கின எடம், அப்பால குண்டூசி குத்தினாப்ல சின்னச் சின்ன ஓட்டை.

அந்த ஓட்டை போட்டவன்தான் தோல் வண்டு. நீ கலைன்னு கும்புடற சாதியில ஒருத்தன். உப்பு சரியா புடிக்காத தோலு குடோன்ல நாலு நாள் கெடந்தா போதும், எங்கேருந்துதான் மோப்பம் புடிப்பானோ, குடும்பத்தோட வந்துடுவான். கறுப்பா, அரை அங்குலம் கூட வர மாட்டான். அவன் புள்ளைங்க மேல மசமசன்னு மயிரு. பெரியவனை விட அதுங்கதான் மோசம். தோலைத் துளைச்சு உள்ள பூந்துடும். அவங்க சாப்பிட்டது போக மிச்சம்தான் முதலாளிக்கு. வெளிநாட்டு மியூசியத்துல எலும்புக்கூட்டுல ஒட்டின கறியைச் சுத்தம் பண்ண இதே சாதியை டப்பா டப்பாவா வளக்கறாங்களாம். நாங்க மருந்தடிச்சுத் துரத்தினவனுக்கு அங்க கவருமெண்டு உத்தியோகம் மாதிரி வேலை. நான் அவனை நசுக்கறதுக்காகவே முப்பத்தெட்டு வருசம் பாத்தவன். அதனாலதான் சொல்றேன், உன் வண்டுக்கு எட்டுக் காலு கீது.

எண்ணிப் பாரு. நிஜக் காலு உடைஞ்சுடுச்சுன்னு கம்பியில காலு பண்ணி ஒட்டின பாரு, அங்க ரெண்டு காலு போனஸா குடுத்துட்ட. எட்டு காலு இருந்தா அது சிலந்தி கட்சி. அது மட்டுமா? கடைசி ஜோடியைத் தொப்பையில ஒட்டியிருக்க. ஆறு காலும் நெஞ்சுலேருந்துதான் கெளம்பும். வவுத்துல காலு மொளச்ச வண்டு வேலூர் ஜில்லாவுலயே இல்ல, மூணாப் பிரிச்ச அப்பாலயும் இல்ல. மேல பளபளன்னு கீற ரெண்டு தகடு பறக்கற றெக்கைன்னு நெனச்சிகினியா? அது மூடி. ஷூவுக்கு சோலு மாதிரி கெட்டி. நிஜ றெக்கை அதுக்குக் கீழ லைனிங் மாதிரி மெல்லிசா மடிச்சு வெச்சிருக்கும். பறக்கும்போது மூடியைத் தூக்கிட்டு உள்ள கீறதை விரிக்கும். நீ மூடியை ரெண்டா ஒடச்சு அதுக்குள்ள பல்சக்கரம் வெச்சிருக்க. றெக்கை எங்கடா? குப்பையில.

இன்னொரு சங்கதி, இத்த கேட்டா நீ அந்தச் சக்கரத்தை நீயே கழட்டிடுவ. உங்க அக்கா போன மாசம் படிச்சுக் காட்டினா. ஐரோப்பாவுல இஸ்ஸஸ்னு ஒரு தத்துப்பூச்சி, வீட்டுத் தோட்டத்துலயே கெடைக்கிற சாதி. அதோட குஞ்சுக்குப் பின்னங்கால் ரெண்டும் சேர்ற எடத்துல நிஜமாவே பல்சக்கரம் கீது! மிஷின்ல கீறாப்ல, பல்லுக்குப் பல்லு கடிச்சிகினு சுத்துது. ஒவ்வொரு பக்கமும் பத்துலேருந்து பன்னெண்டு பல்லு. கேம்பிரிட்ஜ்ல மால்கம் பரோஸும் கிரெகரி சட்டனும் 2013ல கண்டு எழுதினாங்க. எதுக்கு அந்தச் சக்கரம்? எகிறும்போது ஒரு காலு முந்தி ஒரு காலு பிந்தினா பூச்சி பம்பரமா சுத்திப் போயிடும். பல்லு கடிச்சிருந்தா ரெண்டும் ஒண்ணா உதைக்கும். செகண்டை பத்து லட்சமா வெட்டினா அதுல முப்பது துண்டு, அவ்வளவு தான் ரெண்டு காலுக்கும் வித்தியாசம். என் எச்.எம்.டி. வெக்கப்படணும்.

எனக்குப் புடிச்சது அதோட முடிவுதான். வளந்து கடைசியா ஒரு தடவை தோலை உரிக்கும் பாரு, அப்போ சக்கரத்தையும் தோலோட கழட்டிப் போட்டுட்டுப் போயிடும். குஞ்சா இருக்கும்போது பல்லு ஒடைஞ்சா அடுத்த தோல் உரிப்புல புதுசு வந்துடும். பெருசான அப்பால உரிக்கறது கெடையாது, ஒடைஞ்ச பல்லோட காலம் தள்ள முடியாது, அதனால விட்டிருக்கலாம்னு அந்தக் கேம்பிரிட்ஜ்காரங்க கணக்கு. முப்பத்தெட்டு வருசம் தோலு பாத்தேன், தோலோட சக்கரம் கழண்டு வந்ததை ஒரு நாளும் பாக்கல. நம்ம சரக்கு எல்லாம் ரொம்ப சாதாரணம் போல.

நீ ஒட்டின சக்கரம் எதைக் கடிக்குது? ஒண்ணையும் கடிக்கல. மூணும் தனித்தனியா, சம்பந்தம் பேசி முறிஞ்ச வீட்டுக்காரங்க மாதிரி, மூணு பக்கம் பாத்துகினு கீது. அத்த சக்கரம்னு சொல்லாத, தோடுன்னு சொல்லு. அந்த லிபி பூச்சியும்தான் நடக்காதுன்ற. ஒத்துக்கறேன். நடக்காட்டியும், அடுத்த நிமிசம் நடந்துடுமோன்னு பாக்கறவனுக்கு பயம் வருது. ஏன்னா அந்த ஆளு எங்க சக்கரம் இருந்தா எது அசையும்னு யோசிச்சு வெச்சிருக்காரு. உன்னுதைப் பாத்தா பயம் வரல, பாவமா கீது.

இயங்குற மிருகம் வேணும்னா நம்ம பக்கத்து ராஜாகிட்டயே இருந்தது. திப்பு சுல்தான் புலி. மரத்துல செஞ்சு பெயிண்டு அடிச்ச புலி, கிட்டத்தட்ட நிஜ உசரம், கீழ ஒரு வெள்ளைக்காரன் மல்லாந்து கெடப்பான். பக்கத்துல கீற கைப்பிடியைச் சுத்தினா வெள்ளைக்காரன் கையைத் தூக்கித் தூக்கிப் போட்டு முனகுவான், புலி உறுமும். வவுத்துக்குள்ள துருத்தியும் குழலும். 1790கள்ல செஞ்சது. 1799ல ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்ததும் புலியை லண்டனுக்குத் தூக்கினு போயிட்டாங்க; இப்போ விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல கண்ணாடிக்குள்ள கீது. திப்பு புள்ளைங்களை எங்க கொண்டாந்து அடைச்சாங்க? நம்ம வேலூர் கோட்டையில. பொம்மைக்கு லண்டன், புள்ளைங்களுக்கு வேலூர்.

1806 ஜூலை 10, அதே கோட்டையில சிப்பாய்ங்க எழுந்தாங்களே, அதுக்குக் காரணத்துல ஒண்ணு புதுசா மாட்டச் சொன்ன தொப்பி. அதுல தோல்ல ஒரு குஞ்சம். ஒரு தம்மாத்தூண்டு தோல் துண்டை தப்பான எடத்துல வெச்சா எவ்வளவு தூரம் போவும்னு இந்த ஊருக்குத் தெரியும். அதான் ரெண்டு காலைத் தொப்பையில ஒட்டினப்போ எனக்குப் பதறிச்சு.

பொன்வண்டுக்கு வரேன். அது உன் கண்டுபிடிப்பு இல்ல. நாங்க தீப்பெட்டியில கருவேல எலை போட்டு வளத்தோம், முட்டை வெச்சுதான்னு பள்ளிக்கூடத்துல திறந்து திறந்து பாத்தே அத்தக் கொன்னோம். அதுக்கும் முந்தி, வெள்ளைக்காரன் காலத்துல, சென்னப்பட்டணத்துல மஸ்லின் துணி மேல பொன்வண்டோட மூடித் தகட்டை வெட்டித் தெச்சு ஜரிகையோட துரைசானிங்களுக்கு வித்தாங்க. பச்சை கலரு, சாயம் போவாது, ஏன்னா அது சாயமே இல்ல. தகட்டோட அடுக்குல வெளிச்சம் பட்டு வர்ற பச்சை. லண்டன்ல எலன் டெர்ரின்னு ஒரு பெரிய நாடகக்காரி 1888ல லேடி மேக்பெத் வேசத்துக்கு ஆயிரம் வண்டுத் தகடு தெச்ச உடுப்புல வந்து நின்னா. அத்த ஓவியமா வரைஞ்சு வெச்சிருக்காங்க, உடுப்பும் இன்னும் கீது. அந்தத் தகடுல ஒவ்வொண்ணுலயும் ஊசி எறங்கணும், ஒடையக் கூடாது. உன்கிட்ட கீறது ஒரு ஃபெவிகுவிக் டியூபு.

ஊசின்னதும் ஞாபகம் வருது. உங்க அக்காவைக் கேட்டியா ஒரு வார்த்தை? ஷூ கம்பெனியில அப்பர் தெக்கிறவ. தோலோட ஓரத்தை ஸ்கைவிங் மிஷின்ல சீவி, மடிச்சு, ஒட்டி, ரெண்டு வரி தையல் ஓட்டினா, எங்க ஒரு துண்டு முடிஞ்சு எங்க இன்னொண்ணு ஆரம்பிக்குதுன்னு உன்னால சொல்ல முடியாது. உன் பக்கத்து அறையில தூங்கறா, அவ படம் உன் நானூறுல இல்ல. அவ கம்பெனியிலேருந்து ஒடைஞ்ச ஊசி கொண்டாரச் சொல்லிடாத, வேலைக்கே உலை. ஒடைஞ்ச ஊசின்னா எல்லாத் துண்டையும் பொறுக்கிக் காட்டினாத்தான் புது ஊசி. ஒரு முனை காணோம்னா, ஷூவுக்குள்ள கீதான்னு அத்தினியையும் சோதிப்பாங்க. அங்கயும் இன்ஸ்பெக்ஷன்தான்.

உனக்குக் காயலான் கடை போதும். ஆன்லைன்ல "பல்சக்கரம் நூறு கிராம்"னு வாங்கியிருக்கியே, கறி மாதிரி எடை போட்டு, அந்தக் காசுக்குக் காயலான் கடைக்காரர் ஒரு சாக்கு குடுப்பாரு. தையல் மிஷின் பாபின் கேஸை எடுத்துக் கவுத்துப் பாரு, வண்டு தலை தானா வந்து நிக்கும். ஜிப்பை ரெண்டாப் பிரிச்சா பூரானுக்கு காலு ரெடி. ஐலெட் கண்ணாவும், செருப்பு பக்கிள் கொடுக்காவும். தேஞ்சு போன கட்டிங் டை கெடைச்சா விடாத, அந்தத் தகடு எப்படி வளைச்சாலும் வளைச்ச எடத்துல நிக்கும். பிரான்சுல எடுவார் மார்த்தினேன்னு ஒருத்தர் இப்படித்தான் சைக்கிள், மொபெட், சமையல்கட்டு சாமான்ல பூச்சியும் மீனும் தவளையும் பண்றாரு. வெல்டிங் கெடையாது, பசை கெடையாது. திருகாணிதான். இந்த எடத்துக்கு இந்த உறுப்புதான்னு அது கெடைக்கிற வரைக்கும் காத்துகினு இருப்பாராம்.

நேக் சந்த் கதை தெரியுமா? சண்டிகர்ல ரோடு இன்ஸ்பெக்டர். பாரு, அவரும் இன்ஸ்பெக்டர். 1957லேருந்து ஒடைஞ்ச வளையலு, ஓடு, பீங்கான், கல்லுன்னு பொறுக்கி, கவருமெண்டு காட்டுக்குள்ள ஒரு பொம்மை ராஜ்ஜியமே கட்டினாரு. பதினெட்டு வருசம் அதிகாரிங்க கண்ணுல படல. கண்டுபிடிச்சப்போ இடிக்கவும் மனசு வரல. 1976ல ஜனங்களுக்குத் திறந்து விட்டாங்க. நீ மூணு நாள் வேலைக்கு மூணு வீடியோ போட்டிருக்க. அதுல ரெண்டுல நான் பின்னாடி கோவணம் கட்டினு பல்லு வெளக்கிகினு கீறேன்.

அடுத்தது தும்பி செய்யப் போறேன்ற. செய். ஆனா பாத்து செய்யணும்னா எங்க போவ? தும்பி தண்ணியிலயோ தண்ணி ஓரமாவோதான் முட்டை வெக்கும். பாலாத்துல தண்ணி பாத்தது எப்போன்னு நீ சொல்லு. நம்ம தோல் கழிவு நிலத்துலயும் கெணத்துலயும் எறங்கினதுக்கு வேலூர்க்காரங்க சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போனாங்க. 1996 ஆகஸ்ட்ல தீர்ப்பு வந்தது, கெடுத்தவன் தான் காசு கட்டணும்னு. கெடுத்தவன்னா முதலாளி மட்டும்தானா? ட்ரம்மைத் திறந்து விட்ட கையில இதுவும் ஒண்ணு. நீலத் தண்ணி ஓடைக்குப் போறதை நின்னு பாத்தவன் நானு. அப்போ அதுல ஒரு தும்பி உக்காந்து எழுந்ததா, உக்காரவே இல்லையா, யோசிச்சுப் பாக்கறேன், ஞாபகம் வரல. அன்னிக்கு அத்த நான் இன்ஸ்பெக்ஷன் பண்ணல.

சரி வுடு. அந்த வண்டை இங்க கொண்டா. கண்ணாடியைக் குடு. கண்ணுக்குக் கல்லு வெச்சியே, அது மட்டும் நல்லா வந்திருக்கு, அதுல உங்க ஆயா மூக்குத்தி மாதிரி ஒரு துளி வெளிச்சம் நிக்குது. காலு ரெண்டைப் புடுங்கு. இல்லடா, பின்னாடி ஜோடி. மெயின் ஸ்பிரிங்கு எங்க வெச்ச? டப்பாவுலயா? பத்திரம், அது அவுந்தா மூஞ்சியில அறையும். அத்த வவுத்துல வெச்சு, காலுக்கு ஒரு சக்கரம் கடிக்கிற மாதிரி குடுக்க முடியுமான்னு பாரு. சாவி குடுத்தா ஒரு சாணு நடக்கணும். நடந்தா வாட்ச்சு உனக்கு. நடக்கலன்னா பழையபடி பூட்டி என் கையில கட்டு.

எப்போ வரைக்கும் டயமா? மணி இப்போ இன்னா? பாத்தியா, நீயும் முழிக்கிற, போனும் சார்ஜு இல்லாம செத்துக் கெடக்குது. ம்ம்... கேட்டுதா ஹாரன்? கம்பெனி பஸ்ஸு முக்குல திரும்புது, உங்க அக்கா வந்துட்டா. போய் அவ டிபன் பாக்ஸை வாங்கிகினு வா. அப்படியே அவளாண்ட கேளு, இந்தக் காலை தெச்சுக் குடுப்பியான்னு.